ஆடியில போட்ட மாடித்தோட்டம் புயல்ல பாதி போச்சு, மிச்சத்தை என்ன பண்றது?

மேடவாக்கம் மாடி
8 டிசம்பர் 2024

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சு பதில் சொல்லுங்க.

நான் சென்னை மேடவாக்கம். போன வருஷம் ஜூலைல தக்காளி கிலோ நூறு ரூபாயை தாண்டி, ரேஷன் கடைல 60 ரூபாய்க்கு குடுத்தாங்களே, அப்ப வரிசைல நின்னு வாங்கினப்பவே மாடில நாலு செடி வைக்கணும்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா இந்த வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்குதான் நிஜமா ஆரம்பிச்சேன். மொத்தம் 30 பை. தக்காளி 8 (பிகேஎம் 1 ரகம்), கத்தரி 6, வெண்டை 8, மிளகாய் 4, பீர்க்கு 2, அவரை 2. அவரை விதை கடைல வாங்கினது இல்ல, என் மாமியார் விழுப்புரம் பக்கம் அவங்க அம்மா வீட்டுலேந்து கொண்டு வந்து வருஷா வருஷம் துணில முடிஞ்சு வச்சிருந்த விதை. அவங்களுக்கு 74 வயசு, முட்டி வலியோட தினமும் சாயங்காலம் மாடிப்படி ஏறி வந்து ஒவ்வொரு செடியா தொட்டுப் பாத்துட்டு போவாங்க. அதனாலதான் இந்த தோட்டம் எனக்கு வெறும் காய் விஷயமா இல்ல.

நல்லது முதல்ல சொல்லிடறேன். வெண்டை ரொம்ப நல்லா வந்துச்சு. புரட்டாசி ஆரம்பத்துலேந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிச்சோம், வாரத்துக்கு ரெண்டு தடவை பொரியலுக்கு ஆச்சு, கீழ் வீட்டுக்கும் குடுத்தேன்.  மிளகாயும் பரவாயில்ல.

அப்புறம் ஒவ்வொண்ணா ஆரம்பிச்சுது. தக்காளில ரெண்டு செடி இலை எல்லாம் மேல சுருண்டு குட்டை குட்டையா ஆயிடுச்சு, அதை பிடுங்கினேன். மிச்சம் ஆறும் நல்லா வளந்து பூ வச்சு பிஞ்சு விட்டுச்சு. அக்டோபர் 15 மழையையும் தாங்கிடுச்சு. வேளச்சேரி பாலத்து மேல எல்லாரும் கார் கொண்டு போய் நிறுத்தினாங்களே, அந்த மழை. தீபாவளிக்கு முதல் காய் கலர் மாறும்னு மாமியார் சொல்லிட்டே இருந்தாங்க, மாறல, நவம்பர் நடுவுலதான் பழுத்துச்சு, மொத்தமா ஒரு கிலோ பறிச்சிருப்பேன். நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் வந்துச்சு. ரெண்டு நாள் மேல போக முடியல. போய் பாத்தா ஆறு செடியும் தொங்கிப் போச்சு. மண்ணு சொதசொதன்னு ஈரமா இருக்கு, ஆனா செடி தண்ணியே ஊத்தாத மாதிரி வாடி நிக்குது. நாலு நாள் வெயில் அடிச்சும் எழும்பல, காயோட அப்படியே காஞ்சுது. 

கத்தரில நுனி நுனியா வாடுது, காயை வெட்டினா உள்ள புழு. பத்து காய் பறிச்சா ஏழு குப்பைக்கு. வேப்பெண்ணெய் வாரா வாரம் அடிச்சேன், பிரயோஜனம் இல்ல. புயல்ல கிளை வேற முறிஞ்சு இப்ப வெறும் குச்சியாதான் நிக்குது.

பீர்க்கு பூவா பூத்துச்சு, பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி விழுந்துடும். மொத்த சீசனுக்கு மூணே காய்.

கடைசியா அவரை. பந்தல் முழுக்க இலை, அவ்வளவு பச்சை, நாலு மாசம் ஆச்சு ஒரு பூ இல்ல. வீட்டுக்காரர் அதை எடுத்துட்டு வேற ஏதாவது வைன்னு சொல்றார். மாமியார் "பனி இறங்கட்டும் பொறு"ன்னு மட்டும் சொல்றாங்க, ஏன்னு கேட்டா எங்க ஊர்ல அப்படித்தான்னு சொல்றாங்க. எனக்கு எது சரின்னு தெரியல.

தக்காளி ஏன் ஈரத்துல வாடி செத்துச்சு, அவரையை வைக்கவா எடுக்கவா, கத்தரி குச்சிய என்ன பண்ண, தைப் பட்டத்துக்கு திரும்ப ஆரம்பிக்கலாமா இல்ல அடுத்த ஆடி வரைக்கும் விட்டுடலாமா. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோவை பந்தல்
8 டிசம்பர் 2024

அக்கா அவரைல கைய வச்சிடாதீங்க!! உங்க மாமியார் சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. விவரமா நைட்டு எழுதறேனுங்க, அதுக்குள்ள வெட்டிடக் கூடாதுன்னுதான் இப்பவே போட்டேன்.


வேர் பாத்தவன்
8 டிசம்பர் 2024

சிஸ்டர், தக்காளிக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடி எனக்கு மூணு விஷயம் தெரியணும். புயல் அன்னிக்கு மாடில தண்ணி நின்னுச்சா? பை நேரா தரைல இருக்கா, செங்கல் ஸ்டாண்ட் ஏதாவது மேல இருக்கா? மண் கலவை என்ன போட்டீங்க? செத்த செடில ஒண்ண பையோட கவுத்துக் கொட்டி வேரை பாருங்க, போட்டோ போட முடியலன்னா கூட என்ன கலர், என்ன வாசனை, வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கா இல்லையான்னு எழுதுங்க.


கோவை பந்தல்
8 டிசம்பர் 2024

இப்ப சொல்றேனுங்க அக்கா. கொடி அவரை, அதாவது பந்தல்ல ஏத்தற நாட்டு ரகம், பகல் நேரம் குறையற வரைக்கும் பூக்காதுங்க. நீங்க எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் விடும். நம்ம ஊர்ல ஜூன் மாசம் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம் இருக்கும், டிசம்பர் கடைசில 11 மணி நேரம் 20 நிமிஷம் பக்கம் வந்துடும், செடிக்கு அந்த வித்தியாசம் தெரியுதுங்க. ராத்திரி நீளமாச்சுன்னாதான் பூங்கொத்து வரும். கார்த்திகை கடைசி மார்கழில பூ எடுத்து தைல காய் தள்ளும், மாசி வரைக்கும் பறிக்கலாம். உங்க மாமியார் பனின்னு சொல்றாங்க, நாம பகல் நேரம்னு சொல்றோம், ரெண்டும் ஒரே மாசத்துலதானே வருது. எங்க பாட்டியும் "ஆடில போட்டு தைல பறி"ன்னுதான் சொல்லும்.

குத்து அவரைன்னு ஒண்ணு இருக்குங்க, செடி அவரை, அதுக்கு இந்த கணக்கு கிடையாது, எப்ப போட்டாலும் ரெண்டு மாசத்துல காய்க்கும். கடைல வாங்கற விதை பெரும்பாலும் அதுதான். அதை வச்சுக்கிட்டு பாத்துதான் நிறைய பேர் கொடி அவரை மலடுன்னு நினைச்சு பிடுங்கிடறாங்க. எங்க பக்கத்து வீட்டுல போன வருஷம் கார்த்திகைல பிடுங்கிப் போட்டாங்க, எனக்கு வயிறு எரிஞ்சுதுங்க, நாலு மாசம் வளத்த கொடி.

நீங்க செய்ய வேண்டியது, இப்ப தழைச்சத்து எதுவும் போடாதீங்க. மாட்டுச்சாணம், கடலைப்புண்ணாக்கு கரைசல் எல்லாம் நிறுத்துங்க. ரொம்ப அடர்த்தியா இருந்தா உள்ள இருக்கற பழைய இலையை கொஞ்சம் கிள்ளி விடுங்க, காத்து போகட்டும். பூ வந்தப்பறம் கட்டாயம் அசுவினி வருமுங்க, கருப்பா நுனியெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்கும், எறும்பு ஏறுறத வச்சே கண்டுபிடிச்சிடலாம். விடிகாலைல பனி ஈரம் இருக்கறப்ப சலிச்ச அடுப்பு சாம்பலை லேசா தூவுங்க, ஒட்டிக்கும். சாம்பல் கிடைக்கலன்னா தண்ணிய வேகமா பீச்சி அடிச்சு கழுவி விட்டாலே பாதி போயிடும்.

அப்பறம் ஆடிப்பட்டம் பத்தி ஒண்ணு. "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு எல்லாரும் சொல்றோம், ஆனா ஆடி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இல்லீங்க. எங்களுக்கு பாலக்காட்டு கணவாய் காத்து ஆடில பந்தலையே தூக்கும், நான் கொடி வகைக்கு எல்லாம் விதைய ஆடில போட்டாலும் பந்தல் கயிறு ஆவணிலதான் கட்டுவேன். உங்களுக்கு சென்னைல ஐப்பசி கார்த்திகைதான் பெரிய மழை. ஆடி 18ல நாத்து விட்டா தக்காளி சரியா அந்த மழைக்கு நடுவுலதான் பழுக்கும். அதையும் யோசிங்க.


தேனீ தேடி
9 டிசம்பர் 2024

பீர்க்கு பத்தி மட்டும் நான் சொல்றேன், மத்தது பெரியவங்க சொல்வாங்க.

பிஞ்சு விரல் நீளத்துல மஞ்சளாகி விழறது பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்காததால தான். அது உண்மைல பிஞ்சே இல்லங்க, பெண் பூவோட அடிப்பாகம். மகரந்தம் சேந்தாதான் காயா வளரும், சேரலன்னா ரெண்டு மூணு நாள்ல விழுந்துடும். எல்லாரும் காலைல எழுந்து பிரஷ் எடுத்துட்டு போறாங்க, பீர்க்குல அது வேலைக்கே ஆகாது, ஏன்னா பீர்க்கம் பூ சாயங்காலம்தான் விரியும். அஞ்சு மணிக்கு மேல பாருங்க மொத்த கொடியும் மஞ்சளா பூத்து நிக்கும். அந்த நேரம் ஒரு ஆண் பூவ பறிச்சு இதழை உரிச்சிட்டு பெண் பூ நடுவுல மெதுவா தொட்டு விடுங்க, ஒரு ஆண் பூ ரெண்டு மூணு பெண் பூவுக்கு போதும். சுரை, புடலையும் அதே மாதிரி சாயங்கால வகை. பாகல், பூசணி, வெள்ளரி, நுரைபீர்க்கு இதெல்லாம் காலைல. நான் இது தெரியாம ஒரு முழு சீசன் பீர்க்கை இழந்தேன், காலைல ஆறு மணிக்கு போய் வாடின பூவ தொட்டு தொட்டு வச்சிட்டு ஏன் நிக்கலன்னு அழாத குறை.

உங்க மாமியார் சாயங்காலம் தானே மேல வருவாங்க? அவங்க கிட்டயே இந்த வேலைய குடுங்க.


மேடவாக்கம் மாடி
9 டிசம்பர் 2024

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அவரை பத்தி படிச்சதை அப்படியே மாமியார் கிட்ட வாசிச்சு காட்டினேன். "நான் சொன்னா கேக்க மாட்ட, போன்ல வந்தா கேப்ப"ன்னு சொன்னாங்க, ஆனா முகம் மலந்து போச்சு. அவரை இருக்கட்டும்னு வீட்டுக்காரரும் ஒத்துக்கிட்டார்.

வேர் பாத்தவன் சார் கேட்டதுக்கு பதில். மாடில தண்ணி நின்னுச்சு. நல்லா நின்னுச்சு, கணுக்கால் அளவு. தண்ணி போற குழாய் வாய்ல வெண்டை இலையும் தேங்காய் நார் தூளும் போய் அடைச்சிருக்கு, நாங்க ஞாயித்துக்கிழமை மதியம் போய்தான் கையால அள்ளி எடுத்தோம், அதுவரைக்கும் குறைஞ்சது ஒன்றரை நாள் தண்ணி நின்னிருக்கும். பை எல்லாம் நேரா தரைலதான் வச்சிருந்தேன். மிளகாயும் அவரையும் மட்டும் பழைய மரப்பலகை மேல இருந்துச்சு, இப்ப யோசிச்சா அது ரெண்டும்தான் பிழைச்சிருக்கு.

மண்ணு பக்கத்துல வீடு கட்டற இடத்துலேந்து வாங்கின செம்மண், அதோட ஒரு மூட்டை காஞ்ச சாணி. நார் தூள் ஒரு கட்டிதான் வாங்கினேன், அது 30 பைக்கும் கொஞ்சம் கொஞ்சம்.

செடிய கவுத்துப் பாத்தேன். மண்ணு அடில களிமண்ணு மாதிரி ஒரே கட்டியா வந்துச்சு. வேர் பழுப்பு, தொட்டா தோல் உரிஞ்சு நூல் மாதிரி வருது, சாக்கடை வாசனை. முடிச்சு எதுவும் தக்காளில இல்ல. ஆனா வெண்டைய பிடுங்கினப்ப அதுல மூணு செடி வேர் முழுக்க முடிச்சு முடிச்சா இஞ்சி மாதிரி இருக்கு. அது என்ன?


வேர் பாத்தவன்
10 டிசம்பர் 2024

சிஸ்டர் உங்க தக்காளிய புயல் கொல்லல, தேங்கின தண்ணி கொன்னுருக்கு. வேருக்கும் மூச்சு விடணும். மண்ணுல இருக்கற சின்ன சின்ன இடைவெளி எல்லாம் தண்ணியால நிரம்பி ஒரு நாளுக்கு மேல நின்னா வேர் காத்து இல்லாம அழுக ஆரம்பிக்கும், அழுகின வேரால தண்ணிய உறிஞ்ச முடியாது, அதனாலதான் மண்ணு ஈரமா இருந்தும் மேல செடி வாடி நிக்குது. பலகை மேல இருந்த மிளகாய் பிழைச்சதுதான் அதுக்கு சாட்சி. மிளகாயும் தண்ணி தேங்கினா தாங்காத செடிதான், தரைல இருந்திருந்தா அதுவும் போயிருக்கும். 

இந்த நேரத்துல ஒரு தப்பு எல்லாரும் பண்ணுவாங்க, வாடுதேன்னு மறுபடி தண்ணி ஊத்துவாங்க. ஊத்தினீங்களான்னு கேக்கல, இனிமே யாரும் ஊத்தாதீங்கன்னு சொல்றேன். புயல் முடிஞ்ச உடனே பைய சாச்சு வச்சு, பக்கவாட்டு ஓட்டைய குச்சியால குத்தி விட்டு, மேல் மண்ணை கிளறி விட்டா சிலது பிழைக்கும். சூடோமோனாஸ்ங்கற நல்லது செய்யற பாக்டீரியாவை தண்ணில கரைச்சு வேர்ல ஊத்தினா அழுகல் பரவறது குறையும், டிரைக்கோடெர்மா விரிடிங்கற நல்ல பூஞ்சைன்னா மழைக்கு முன்னாடியே மண்ணுல தொழுவுரத்தோட கலந்து வச்சிருக்கணும்.

இப்ப மண்ணு. வெறும் செம்மண்ணும் சாணியும் தரைத் தோட்டத்துக்கு ஓகே, பைக்கு ஆகாது. பை சின்ன இடம், தினமும் தண்ணி ஊத்த ஊத்த செம்மண்ணுல இருக்கற பொடி அடில இறங்கி ஓட்டைய சிமெண்ட் பூசின மாதிரி அடைச்சிடும். நான் மூணுல ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கின உரம் இல்ல மண்புழு உரம், ஒரு பங்கு நார் தூள் போடறேன், பைக்கு ஒரு கை வேப்பம்புண்ணாக்கு. நார் தூள் கட்டிய வாங்கினதும் அப்படியே போடாம ரெண்டு மூணு தண்ணி மாத்தி அலசணும், உப்பு இருக்கும். சாணி காஞ்சிருந்தா மட்டும் போதாது, மக்கியிருக்கணும், ரெண்டும் வேற வேற. காஞ்ச சாணி மழைல நனைஞ்சா மறுபடி பைக்குள்ளயே மக்க ஆரம்பிச்சு வேர் பக்கம் இருக்கற காத்தை அதுவும் இழுத்துக்கும். 

வெண்டை வேர்ல இருக்கறது நூற்புழு. வேர் முடிச்சு நூற்புழுன்னு சொல்வாங்க, கண்ணுக்கு தெரியாது, அந்த செம்மண்ணோட வந்திருக்கும். அந்த மூணு பை மண்ணை மத்ததோட கலந்திடாதீங்க, தயவு செஞ்சு. தனியா வச்சிருந்து சித்திரை வெயில்ல மாடில மெல்லிசா பரப்பி, தண்ணி தெளிச்சு, மேல கண்ணாடி மாதிரி உள்ள தெரியற பாலிதீன் போட்டு ஓரமெல்லாம் மண்ணு வச்சு மூடி ஒரு மாசம் விடுங்க. சென்னை மே மாச மொட்டைமாடி சூடு இதுக்குன்னே இருக்கற மாதிரி. அதுக்கப்பறம் அந்த பைல முதல்ல செண்டுமல்லி வைங்க, நூற்புழுவுக்கு அதோட வேர் ஆகாது. தக்காளி, கத்தரி, வெண்டை மூணும் அந்த மண்ணுல உடனே வேண்டாம்.

வெண்டை செடி போனதுக்கு வருத்தப்படாதீங்க. அது நாலு மாசப் பயிர், ஆடில போட்டது கார்த்திகைல தானாவே முடிஞ்சிருக்கும்.

தண்ணி போற வாய்க்கு கொசு வலை கட்டாதீங்க, அதுவே அடைச்சிக்கும். கோழி வலைய கூடை மாதிரி வளைச்சு கவுத்து வைங்க, இலை பக்கத்துல நின்னாலும் மேல் வழியா தண்ணி போயிடும். பை எல்லாம் ரெண்டு செங்கல் மேல. மாடிக்கும் நல்லது, அடில ஈரம் நிக்காது.


கடலூர் கரை
10 டிசம்பர் 2024

அம்மா வணக்கம். நான் கடலூர். எங்க நிலமை உங்களை விட மோசம், ஃபெஞ்சல் மழை முடிஞ்சு சாத்தனூர் அணை தொறந்து தென்பெண்ணைல வந்த வெள்ளத்துல எங்க தெருவே மூழ்கி, தோட்டம்னு சொல்ல இப்ப சேறு மட்டும் இருக்கு. வீட்டுக்கு பின்னாடி 3 சென்ட், முருங்கை ஒண்ணு சாஞ்சு வேரோட போச்சு, 11 வருஷ மரம். அதை இன்னும் வெட்ட மனசு வரல. சரி, உங்க கத்தரிக்கு வரேன், நான் கத்தரி மட்டும் 20 வருஷமா போடறேன்.

குச்சிய பிடுங்காதீங்கம்மா. கத்தரி ஒரு தடவை காய்ச்சு முடிச்சா போற செடி இல்ல. தரைலேந்து முக்கால் அடி விட்டு மேல இருக்கறதை கூரான கத்தியால சாய்வா வெட்டி விடுங்க, வெட்டின இடத்துல மஞ்சள் தூளும் சாணியும் குழைச்சு பூசுங்க. ஆனா முதல்ல வேர் உயிரோட இருக்கான்னு பாக்கணும், தண்டை நகத்தால கீறினா உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு, பழுப்பா இருந்தா விட்டுடுங்க. பச்சையா இருக்கறதுக்கு மேல் மண்ணு ரெண்டு அங்குலம் எடுத்துட்டு புது மக்கின உரம் போடுங்க. 20 நாள்ல தளிர் வரும், மாசில மறுபடி காய்ப்பு. இந்த மறுதாம்பு காய் முதல் காயை விட சின்னதா இருக்கும், ருசில குறைவு இல்ல.

புழு விஷயத்துல வேப்பெண்ணெய் ஏன் வேலை செய்யலன்னா அந்த புழு வெளில இருக்கறதே கொஞ்ச நேரம்தான். முட்டைலேந்து வந்ததும் தண்டுக்குள்ளயோ காய்க்குள்ளயோ துளைச்சு போயிடும், அப்பறம் நீங்க மேல என்ன அடிச்சாலும் அதுக்கு தெரியாது. நுனி வாடுதுன்னு சொன்னீங்களே, அந்த வாடின நுனிக்குள்ளதான் புழு உக்காந்திருக்கு. வாடினதை பாத்த அன்னிக்கே ஒரு சாண் கீழ வெட்டி எடுத்து சோப்புத் தண்ணில போட்டுடணும். குப்பைல போட்டா அங்கேந்து அந்துப்பூச்சியா பறந்து திரும்ப வரும். சொத்தைக் காயும் அப்படித்தான். பூக்கறதுக்கு முன்னாடி நுனி வெட்டறதை ஒழுங்கா செஞ்சவங்களுக்கு காய்ல புழு பாதிக்கு மேல குறையும், இது என் கைக்கணக்கு. அப்பறம் ஆண் அந்துப்பூச்சிய வாசனைல இழுத்துப் பிடிக்கற இனக்கவர்ச்சிப் பொறி கிடைக்குது, கத்தரிக்குன்னு தனி மாத்திரை கேட்டு வாங்கணும், மாம்பழ ஈக்கு உள்ளதை குடுத்துடுவாங்க. ஆறு செடிக்கு ஒரு பொறி ஏராளம்.

அடுத்த தடவை விதை வாங்கறப்ப எங்க பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்து ரகம் கிடைச்சா போடுங்க, இந்த கரையோர மண்ணுக்கும் வெக்கைக்கும் பழகின செடி.

கோவைக்காரர் சொன்ன கணக்கு எனக்கும் சரின்னு படுது. சென்னை கடலூர் பக்கம் தக்காளிய ஆடில விட வேணாம்மா. கார்த்திகை மழை ஓயறப்ப நாத்து விட்டு மார்கழில நட்டீங்கன்னா தை மாசி ராத்திரி குளிர்ல பூ நல்லா நிக்கும். பங்குனி வெயில் ஏறிட்டா பூ கொட்டிடும், அதுக்குள்ள முக்கால்வாசி பறிச்சிடலாம். ஆடிக்கு வெண்டை, கொத்தவரை, அவரை, கத்தரி போதும். நீங்க இப்பவே நாத்து விட்டா நேரம் சரியா இருக்கு, தை வரைக்கும் காத்திருக்க வேணாம்.


கோவை பந்தல்
10 டிசம்பர் 2024

ஐயா, உங்க முருங்கைல சாஞ்ச மரத்துலேந்து கை கனத்துல நாலடி போத்து (கிளைத் துண்டு) வெட்டி நிழல்ல ரெண்டு நாள் வச்சு நடுங்க, அதே மரம்தானுங்க திரும்ப வரும். சேறு காய்ற வரைக்கும் ஒரு சாக்குல மணல் போட்டு நட்டு வைக்கலாம். மரம் வாடறதுக்குள்ள செய்யுங்க.


கடலூர் கரை
11 டிசம்பர் 2024

செஞ்சுட்டேன் தம்பி. ஆறு போத்து வெட்டி வச்சிருக்கேன். எனக்கே தெரிஞ்ச விஷயம்தான், அந்த மரத்த பாத்துட்டே இருந்ததுல தோணவே இல்ல. நல்லா இருங்க.


மேடவாக்கம் மாடி
16 ஜனவரி 2025

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்து. ஒரு மாசமா எழுதணும் எழுதணும்னு இருந்தேன், காணும் பொங்கல் இன்னிக்கு எல்லாரும் வெளில போயிட்டாங்க, இப்பதான் உக்கார நேரம் கிடைச்சுது.

அவரை பூத்துடுச்சு!! மார்கழி பிறந்து நாலாவது நாள் காலைல கோலம் போட எழுந்தப்ப மாமியார் ஏற்கனவே மாடில இருந்தாங்க, அந்த குளிர்ல, துண்டை தலைல சுத்திக்கிட்டு. கீழ இறங்கி வந்து எதுவும் சொல்லாம என் கைய பிடிச்சு கூட்டிட்டு போனாங்க. பந்தல் மேல் பக்கம் ஊதா கலர்ல மொட்டு கொத்து கொத்தா. அதுக்கு முன்னாடி ஒரு வாரம் நான் தினமும் கீழ் இலைக்குள்ளயே தேடிட்டு இருந்திருக்கேன், அது உச்சில வந்திருக்கு. அசுவினி சொன்ன மாதிரியே வந்துச்சு. சாம்பல் எங்களுக்கு கிடைக்கல, தெரு முனைல இஸ்திரி போடறவர் கிட்ட கேட்டு அவர் பெட்டி கரி சாம்பலை வாங்கி சலிச்சு தூவினோம், ரெண்டு தடவைலயே நல்லா குறைஞ்சுது. பொங்கல் அன்னிக்கு பல காய் போட்டு வைக்கிற குழம்புக்கு அவரை மட்டும் மாடிலேந்து, ரெண்டு கைப்பிடி இருந்திருக்கும். மாமியார் தான் பறிச்சாங்க. தட்டு அவரை, நாங்க கடைல வாங்கறதை விட அகலம், ஓரத்துல லேசா ஊதா கோடு, வேகறப்பவே வாசனை வேற மாதிரி இருந்துச்சு. அவங்க அம்மா வீட்டுக் குழம்பு வாசனைன்னு சொல்லிட்டு அப்பறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

கத்தரி ஆறுல மூணு கீறிப் பாத்தப்ப பச்சையா இருந்துச்சு, கடலூர் ஐயா சொன்ன மாதிரி வெட்டி விட்டேன், மூணும் தளிர் விட்டுருக்கு. இது வரைக்கும் ரெண்டு நுனி வாடுச்சு, பாத்த அன்னிக்கே வெட்டி பிளந்து பாத்தேன், உள்ள வெள்ளையா சின்ன புழு. இவ்வளவு நாள் இது உள்ள இருக்கறது தெரியாம மேல எண்ணெய் அடிச்சிட்டு இருந்திருக்கேன்.

பை எல்லாம் செங்கல் மேல ஏத்தியாச்சு, அறுபது செங்கல் ரெண்டு மாடி தூக்க ரெண்டு ஞாயித்துக்கிழமை ஆச்சு. குழாய் வாய்க்கு கோழி வலை கூடை வச்சாச்சு. நூற்புழு மண்ணு மூணு பையும் தனியா, மேல சிவப்பு பெயிண்ட்ல குறி போட்டு ஓரமா வச்சிருக்கேன், சித்திரைக்கு காத்திருக்கு. மத்த மண்ணை எல்லாம் கொட்டி உடைச்சு நார் தூளும் மண்புழு உரமும் சேத்து புதுசா கலந்தேன், கை விட்டா இப்ப பொலபொலன்னு இருக்கு.

தக்காளி டிசம்பர் 13 கார்த்திகை தீபம் அன்னிக்கு நாத்து விட்டேன், போன ஞாயிறு எட்டு பைல நட்டாச்சு. வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை ரெண்டு கட்டி இருக்கேன், இலை சுருட்டல அதுதான் பரப்புதுன்னு இங்கயே பழைய பதிவுல படிச்சேன், போன தடவை ரெண்டு செடி போனதுக்கு காரணம் அதுதான் போல.

பீர்க்கு கொடி காஞ்சு போச்சு, தை கடைசில புது விதை போடணும். மாமியார் இப்பவே கேக்கறாங்க, ஆண் பூ எது பெண் பூ எதுன்னு போன்ல படம் காட்டுன்னு.

இப்ப ஒரு சந்தேகம். அவரைல விதைக்கு விடணும், மாமியார் கொண்டு வந்த முடிச்சுல இனி நாலே விதைதான் மிச்சம். எந்த கொத்தை விடறது, முதல் காய்ப்பா நடு காய்ப்பா? கொடிலயே காய விடணுமா, எவ்வளவு நாள்?


கடலூர் கரை
16 ஜனவரி 2025

ரொம்ப சந்தோஷம்மா. நடு காய்ப்புல விடுங்க. முதல் காய் எல்லாம் நீங்க பறிச்சு சாப்பிடுங்க, அப்பதான் கொடி மேல மேல பூக்கும். தை கடைசி மாசி ஆரம்பத்துல வர்ற கொத்துல நல்ல அகலமா, பூச்சி ஓட்டை இல்லாம, கொடியோட கீழ் பாகத்துல இருக்கற பத்து பதினஞ்சு காய்க்கு கலர் நூல் கட்டி வச்சிடுங்க, யாரும் தெரியாம பறிச்சிடக் கூடாது. நெத்து ஆகி ஓடு பழுப்பாகி ஆட்டினா உள்ள கலகலன்னு சத்தம் வர்ற வரைக்கும் கொடிலயே இருக்கட்டும், ஒரு மாசம் கிட்ட ஆகும். பறிச்சு ஓடோட ரெண்டு நாள் வெயில்ல காய வச்சு அப்பறம் உரிங்க. வண்டு விழாம இருக்க சாம்பலோ வேப்பிலை பொடியோ கலந்து வைக்கணும். ரெண்டு முடிச்சா கட்டி ஒண்ணை வேற ஒரு வீட்டுல குடுத்து வைங்கம்மா. இந்த வெள்ளத்துல என் பாகல் விதை டப்பா முழுசா போச்சு, தங்கச்சி வீட்டுல ஒரு பிடி குடுத்து வச்சிருந்தேன், அதுதான் இப்ப மறுபடி முளைச்சிருக்கு.

முருங்கைப் போத்து ஆறுல நாலு தளிர்த்துடுச்சு, கோவைத் தம்பிக்கு சொல்லிடுங்க.


கோவை பந்தல்
16 ஜனவரி 2025

பாத்துட்டேனுங்க ஐயா! அக்கா, அந்த ரெண்டாவது முடிச்சுல எனக்கும் பத்து விதை ஒதுக்குங்க, ஆடிக்கு இங்க ஒரு பந்தல் போட்டுடறேன். பதிலுக்கு எங்க வீட்டு நாட்டு சுரை அனுப்பறேனுங்க.


மேடவாக்கம் மாடி
17 ஜனவரி 2025

கண்டிப்பா. மாமியார் கிட்ட கேட்டுட்டேன், பத்து இல்ல இருபதா குடுன்னு சொன்னாங்க. சிவப்பு நூல் எடுத்து வச்சாச்சு, தை கடைசில வர்ற கொத்துல கட்டிடறேன்.